ஐம்பதில் ஓடிய மோட்டார்

குன்றின் மேலிருந்த மடத்துக்கு ஒரே கிணறு. பதினோரு வருடம் அதன் மோட்டாரை ஓட்டியவள் குமுதவல்லி. அரைமணி ஓட்டுவாள். தண்ணீர் வற்றிச் சத்தம் மாறியதும் நிறுத்துவாள். ஊறட்டும் என்று இரண்டு மணி நேரம் விட்டு மறுபடி ஓட்டுவாள்.

தை மாதம் தேன்மொழி வந்து சேர்ந்தாள். பாலிடெக்னிக் படித்தவள். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டினாள். அதில் ஒரு திருகு, ஐம்பது வரை எண்கள். அவள் முப்பத்தைந்தில் வைத்தாள். மோட்டார் நிற்காமல் மெதுவாக ஓடியது. சாவி அவளிடம் போனது. குமுதவல்லி சமையலறைக்குப் போனாள்.

சாவி போனதுகூடப் பெரிதில்லை. தினமும் காலையில் மடத்தின் குருவான அம்மையார், மோட்டார் அறை வாசல் கல்லில் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். தேன்மொழி ஏதோ கேட்பாள். அவர் ஏதோ சொல்வார். சில நாள் இருவரும் சிரிப்பார்கள். குமுதவல்லி சமையலறை ஜன்னலில் நின்று கீரை ஆய்வாள். அந்த ஒரு மணி நேரம் தண்டும் இலையும் ஒன்றாகவே சட்டியில் விழும்.

"ஏண்டி, இந்த வேகத்துல தொட்டி நிரம்பறதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும்."

"ஊற்று குடுக்கிறதைத்தானே அக்கா எடுக்க முடியும்?"

"ரொம்பத் தெரிஞ்சவ."

குருபூஜைக்கு முந்தின நாள். மறுநாள் முந்நூறு பேர் சாப்பிட வருவார்கள். தொட்டியைக் கழுவி வைத்திருந்தார்கள். எலுமிச்சம்பழம் வாங்கச் சந்தைக்குக் கிளம்பிய தேன்மொழி, சாவியைக் குமுதவல்லியிடம் கொடுத்தாள்.

"முப்பத்தஞ்சுலயே இருக்கட்டும் அக்கா. காலையில நிரம்பிடும்."

அவள் தலை மறைந்ததும் குமுதவல்லி திருகை ஐம்பதுக்குத் திருப்பினாள்.

குழாய் அதிர்ந்தது. தண்ணீர் கொட்டியது. அந்தச் சத்தத்துக்கு அம்மையார் வெளியே வந்தார். வந்து கல்லில் உட்கார்ந்தார்.

குமுதவல்லி குழாயைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக நின்றாள். காய்ந்த கையையே சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அரைமணி ஆயிற்று. மோட்டாரின் சத்தம் மாறியது. பதினோரு வருடம் கேட்ட காது அது. நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அம்மையார் எழுந்து போய்விடுவார்.

அவள் நிறுத்தவில்லை.

குழாய் இருமியது. சிவப்பாகச் சேறு வந்து தொட்டியில் விழுந்தது. பிறகு வெறும் காற்று. பிறகு சுவரிலிருந்த பெட்டியே மோட்டாரை நிறுத்தியது.

அம்மையார் எழுந்திருக்கவில்லை.

"தொட்டி முழுக்கக் கலங்கிடுச்சும்மா."

"திறந்து விடு. தென்னைக்குப் போகட்டும்."

திறந்துவிட்டு வந்தாள்.

"சத்தம் மாறினது எனக்குக் கேட்டுச்சும்மா. கேட்டும் நிறுத்தலை."

"எனக்கும் கேட்டுச்சு."

குமுதவல்லி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அவகிட்ட தினம் ஒரு மணி நேரம் உக்காந்தீங்க. பதினோரு வருஷத்துல என்கிட்ட ஒரு நாள் உக்காந்தீங்களா? நான் எதுல குறைஞ்சு போனேன்?"

அம்மையார் கல்லில் நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள். கிணற்றுக்குள் ஊற்று கசிகிற சத்தம் கேட்டது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் இருந்தார்கள்.

வெயில் சாயும்போது தேன்மொழி பையோடு வந்தாள். தொட்டிச் சுவரில் சிவப்புக் கறையைப் பார்த்தாள்.

"எத்தனையில வச்சீங்க அக்கா?"

"ஐம்பது."

"அதுக்கு மேல நம்பர் இல்லைன்னு விட்டீங்களா?"

குமுதவல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

தேன்மொழி கிணற்றை எட்டிப் பார்த்தாள். "முப்பதுல வச்சு விடிய விடிய ஓட்டுங்க. முக்கால் தொட்டி தேறும். சமையலுக்குப் போதும்." சாவியைக் கேட்காமலே பழங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

குமுதவல்லி தொட்டியில் இறங்கிச் சேற்றை வழித்து எடுத்தாள். திருகை முப்பதில் வைத்தாள். முதலில் கலங்கலாக வந்தது, பிறகு மெல்லிசாக, தெளிவாக.

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையேம்மா."

அம்மையார் குழாயடியில் கையை நனைத்துக்கொண்டார்.

"அவ தினம் ஒரு மணி நேரம் கேட்டா. நீ பதினோரு வருஷத்தையும் இன்னிக்கே கேக்கறே, வல்லி," என்றார். "நாளைக்கும் வர்றேன்."