முடிச்சவங்க நடக்கலாம்

"பிள்ளைங்க குதிச்சதாலதான் பெஞ்சு விழுந்துச்சுன்னு யாரு சார் உங்ககிட்ட சொன்னது? குதிச்சவன் ஒருத்தனும் பெஞ்சைத் தொடல. உக்காந்திருந்தவன்தான் எட்டி உதைச்சான். இல்ல சார், மொதல்ல நான் சொல்லுததைக் கேளுங்க. அவனை வேற பள்ளிக்கூடம் பாக்கச் சொன்னா என்னையும் சேத்துச் சொல்லுங்க. ஆமா, திமிருதான். வச்சிருங்க."

போனை மேசையில போட்டா வள்ளிமயில். போட்ட கையோட ஆசிரியர் அறையில இந்தச் சுவத்துக்கும் அந்தச் சுவத்துக்கும் நடக்க ஆரம்பிச்சிட்டா. கோவம் வந்தா அவளுக்கு உக்கார வராது. வீட்டுல சண்டைன்னா, வாசல் நடையில நிக்குத சைக்கிளைப் புருசன் வெளிய எடுத்து வச்சிருவாரு, இவ நடக்க எடம் வேணுமேன்னு.

ரெண்டு பிள்ளை பெத்தப்புறம் பி.எட். படிக்க வந்தவ. பாடம் எடுத்துப் பழகட்டும்னு இந்தப் பள்ளிக்கூடத்துல ஆறாங்கிளாஸ் கணக்கைக் குடுத்திருந்தாங்க. கூட இருந்து சொல்லிக் குடுக்கது ஜெசிந்தா டீச்சர். வயசுல இவளைவிடச் சின்னவ. அதனால இங்க குருதான் சிஷ்யையை அக்கான்னு கூப்பிடுவா.

"ஹெச்.எம். என்ன சொல்லுதாரு?"

"பெஞ்சு விழுந்து பக்கத்துப் பையன் கால் வீங்கிருச்சுல்லா. நாளைக்குப் பெத்தவங்க கூட்டத்துல, இசக்கிராஜாவோட அப்பாகிட்ட உங்க பையனைக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு சொல்லப் போறாராம்."

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

"எனக்கு ஒண்ணும் வெளங்கல டீச்சர். நடுநடுவுல எந்திரிச்சு ஆட விட்டா பிள்ளைங்க மனசு தன்னால ஒரு நெலைக்கு வரும்னு படிச்சோம். செஞ்சேன். கிளாஸே அடங்குச்சு. ஒரு எடத்துல உக்கார முடியாத எவனுக்காகச் செஞ்சேனோ அவன் மட்டும் பேயா ஆடுதான். படிச்சது பொய்யா? அவன் கோளாறா? நான் கோளாறா?"

ஜெசிந்தா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டா.

"உக்காருங்கக்கா. கையைக் கட்டிக்கோங்க. நடந்ததை மொதல்லருந்து முறையா சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் எந்திரிச்சு நடக்கலாம்."

"நான் என்ன ஆறாங்கிளாஸா?"

"உக்காருங்க."

உக்காந்தா.

"ஒரு கணக்கு குடுப்பேன். போட்டு முடிச்சவங்க பின்னால உள்ள சுவத்தைத் தொட்டுட்டு, தவளை மாதிரி குதிச்சு வரலாம்னு சொல்லியிருந்தேன். நல்லபடியாத்தான் போச்சு. அந்தப் பய..."

"கை."

அவுந்த கையைத் திரும்பக் கட்டினா. "அந்தப் பய... எங்க விட்டேன்?"

"மொதல்லருந்து."

ஜெசிந்தா டீ டம்ளரை எடுத்துக்கிட்டு, வள்ளிமயில் மூஞ்சிக்கு முன்னாடியே நடக்க ஆரம்பிச்சா. ஜன்னல் வரைக்கும் போனா. நின்னு ஒரு வாய் குடிச்சா. திரும்பி வந்தா.

"நீங்க மட்டும் நடக்கீங்க?"

"நான் என் வேலையை முடிச்சிட்டேன்லாக்கா. நீங்களும் முடிச்சிட்டு நடங்க. சொல்லுங்க."

வள்ளிமயிலுக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் தெரியும். வாய்க்கு வரல. வந்தது முன்னுக்குப் பின்னா வந்துச்சு.

"இசக்கிராஜா மொதக் கணக்கையே முடிக்கல. அவன் எந்த நாளும் முடிக்க மாட்டான். மத்தவன்லாம் அவன் பெஞ்சைச் சுத்திக் குதிச்சுக்கிட்டு... அதுக்கு முன்னாடி... இல்ல, அதுக்கப்புறம்தான் நான் அவனைச் சத்தம் போட்டேன்..."

"முறையா வரல. கால் வேற ஆடுது பாருங்க. மொதல்லருந்து."

டம்ளரோட ஜெசிந்தா இன்னொரு தடவை தாண்டிப் போனா. அவ்வளவுதான். வள்ளிமயில் எந்திரிச்ச வேகத்துல நாற்காலி மல்லாக்க விழுந்துச்சு. பக்கத்துக் கிளாஸ்ல பாடம் நின்னு போற அளவுக்குச் சத்தம்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு? இப்படி உக்கார வச்சா எவளுக்குப் பேச்சு வரும்? நான் ஒண்ணு கேட்டா நீங்க ஒண்ணு செய்யுதீங்க. அந்தப் பயலுக்கும் இதுக்கும் என்ன..."

பாதியில நிறுத்திட்டா. விழுந்து கெடந்த நாற்காலியைப் பாத்தா. ஜெசிந்தாவைப் பாத்தா. ஏதோ பிடிபடுத மாதிரி இருந்துச்சு. பிடிக்கப் போனா நழுவுச்சு.

"என்ன டீச்சர் சொல்ல வாரீங்க? வாயைத் தொறந்துதான் சொல்லுங்களேன்."

ஜெசிந்தா நாற்காலியை நிமித்தல. டம்ளரைக் கழுவிக் கவுத்தினா.

"நாளைக்கு இசக்கிராஜாவோட அப்பா வருவாரு. எம்மவன் ஏன் பெஞ்சை உதைச்சான்னு கேப்பாரு. இந்த நாற்காலி ஏன் விழுந்துச்சுன்னு நீங்க அவருக்குப் பதில் சொல்லணும்க்கா. ஹெச்.எம்., பெத்தவங்க, எல்லாரும் கேக்க, எந்திரிச்சு நின்னு சொல்லணும்."