கட்டமும் கேள்விக்குறியும்

“தாயே, எம் பொண்ணு அனுப்புனதை என்னால படிக்க முடியல” என்றார் தில்லைநாயகம்.

பூரணி அம்மா ஆசிரமத்துச் சமையற்கட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். வயதில் தன் சீடர் தில்லைநாயகத்தைவிட இளையவர். குருவானாலும் இட்லி மாவு விஷயத்தில் மட்டும் யாரையும் நம்பமாட்டார்.

மகள் கல்யாணத்துக்குப் போகமாட்டேன் என்று வீம்பு பிடித்து, அப்படியே போகாமலும் இருந்துவிட்டவர் தில்லைநாயகம். அதற்கப்புறம் அவளிடமிருந்து பேச்சுமூச்சே இல்லை.

இப்போது ஓர் ஈமெயில். அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. கூடவே ஒரு ஃபைல், அதன் பெயரும் புரியவில்லை. திறந்தால் கட்டம் கட்டமாக வருகிறது, நடுநடுவே கேள்விக்குறி.

“இருக்கிற ஃபாண்ட் அத்தனையும் போட்டுப் பாத்துட்டேன். ஊரார் மெயிலையெல்லாம் திறந்து குடுக்கிற எனக்கே தண்ணி காட்டுது.”

“என்ன இருக்கும்னு நினைக்கிறீங்க?”

“இனிமே நீங்க எனக்கு அப்பாவே இல்லைன்னு இருக்குமோ? பயமா இருக்கு தாயே.”

அம்மா நிறுத்தியிருந்த கிரைண்டரைப் போட்டார். அது கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது. அம்மாவின் உதடு அசைந்தது.

“கேக்கல தாயே!”

மறுபடியும் உதடு அசைந்தது. குரல் ஏறவில்லை.

தில்லைநாயகம் பக்கத்தில் போய்க் குனிந்தார். “என்ன சொன்னீங்க?”

“உப்பைப் போடுங்கன்னேன்.”

உப்பை அள்ளிய கை ஜாடியிலேயே நின்றுவிட்டது.

புரியாததைக் கேட்டுவிட்டால் ஆயிற்று என்று இன்னொரு கையால் செல்போனை எடுத்து, மகளை அழைத்துக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“செந்தாமரை, அப்பா பேசறேன். நீ அனுப்புனது படிக்க முடியலம்மா. என்ன எழுதியிருந்தே?”

மகள் சிரித்துவிட்டாள்.

“நான் எங்கேப்பா எழுதினேன்? அது போன தீபாவளிக்கு நீங்க எனக்கு அனுப்புனது. இங்க வந்து சேரும்போதே அப்படித்தான் இருந்துச்சு. திட்டித்தான் எழுதியிருப்பீங்கன்னு நினைச்சேன். கேக்கத் தைரியம் வரல. அதான் ஒண்ணும் சொல்லாம அப்படியே திருப்பி அனுப்புனேன்.”

தில்லைநாயகத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இத்தனை நாளும் மல்லுக்கட்டியது தன் கடிதத்தோடுதானா!

“அதுல என்னதாம்ப்பா எழுதியிருந்தீங்க?”

பூரணி அம்மா கிரைண்டரை நிறுத்தினார்.

“உன் வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டிருந்தேன், கண்ணு.”

“வாங்கப்பா.”

தில்லைநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

“உப்பைப் போட்டுட்டுக் கிளம்புங்க” என்றார் பூரணி அம்மா.