சம்பந்தியை ஜெயிக்க ஒரு கேரம் பாடம்

“மாஸ்டர், உங்ககிட்ட வந்ததுல இருந்து எனக்குத் தெரிஞ்ச ஆட்டமும் போச்சு.”

சொன்னவர் குப்புலிங்கம். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். அவர் மாஸ்டர் என்று அழைத்த பர்வீன், வண்ணாரப்பேட்டையில் கேரம் கிளப் நடத்துகிறவள். அவருடைய கடைசிப் பெண்ணைவிடச் சின்னவள்.

பர்வீன் முறுக்கைக் கடித்தாள்.

“ஒரு அடி அடிச்சு முடிக்கறதுக்குள்ள காயை எடுத்து வேற மூலையில வைக்கறீங்க. ஸ்ட்ரைக்கரை மாத்தறீங்க. கை பழகவே விடமாட்டேங்கறீங்க. ஞாயித்துக்கிழமை பேரனுக்குக் காதுகுத்து. சொந்தம் மொத்தமும் சுத்தி நிக்கும். அத்தனை பேர் முன்னாடி சம்பந்திகிட்ட மறுபடியும் தோத்தா, நான் எந்த மூஞ்சியோட பந்தியில உக்கார்றது?”

பாவம், மனிதர். சம்பந்தி கண்ணாயிரம் ஒவ்வொரு முறை ஜெயித்ததும், “போர்டுல பவுடர் பத்தலையோ?” என்று அக்கறையாக விசாரிப்பார். அந்த அக்கறையைத்தான் தாங்க முடியாது.

“வீட்டுல நானே பழகறேன். ஒரே இடம், ஒரே அடி. தப்பாம விழுது. பாக்கறீங்களா?”

“காட்டுங்க அங்கிள்.”

வலது மூலைக்குச் சற்று முன்னால் காயை வைத்தார். அடித்தார். விழுந்தது.

மறுபடி வைத்தார். விழுந்தது. இன்னொரு தடவை. முகமெல்லாம் சிரிப்பு.

பர்வீன் எட்டி, காயை இரண்டு விரற்கடை நகர்த்தினாள்.

அடித்தார். காய் கட்டையில் முட்டித் திரும்பி அவர் பக்கமே வந்து நின்றது.

“நகத்தி வெச்சா எப்படிம்மா விழும்?” மாஸ்டர் என்பதுகூட மறந்துபோய், எழுந்து செருப்பைத் தேடினார்.

“உங்க சம்பந்தி காயை எங்க கொண்டுபோய் விடுவாரு அங்கிள்?”

ஒரு செருப்பு காலில் ஏறியிருந்தது. அதைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அந்த வாரம் முழுக்க, அவள் மாற்றி மாற்றி வைத்த காய்களை ஆசை தீரத் தப்பவிட்டார்.

திங்கட்கிழமை காலை, கிளப் திறக்கும் முன்பே வாசலில் நின்றார். கையில் ஒரு தூக்கு நிறையக் கேசரி.

“ஜெயிச்சுட்டேன் மாஸ்டர்! கடைசிக் காய். கட்டையோட ஒட்டிக்கிட்டு, சம்பந்தி காய்க்குப் பின்னால ஒளிஞ்சு நிக்குது. கண்ணை மூடாமதான் அடிச்சேன். போயிடுச்சு! மனுஷன் சாப்பிடும்போதுகூட வாய் திறக்கல.”

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்ணு மட்டும் புரியல. அந்த இடத்துல இருந்த காயை நான் ஒருநாளும் அடிச்சதே இல்லையே?”

பர்வீன் ஒரு வாய் கேசரியை மென்று முடித்தாள்.

“நான் வெச்சுக் குடுத்த காயை, அடிச்ச இடத்துலயே மறுபடி என்னிக்கு அங்கிள் அடிச்சீங்க?”