சந்தையில் ஓடிய கெண்டை

கேளுங்கள் பெரியவர்களே, கேளுங்கள் பிள்ளைகளே. மலைகளெல்லாம் இப்போது இருப்பதைவிட ஓர் ஆள் உயரம் கூடுதலாக இருந்த காலம் அது. அல்லியேரி என்ற சிறுநாட்டைக் கோமாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான்.

அவன் புதிதாக ஒரு குளம் வெட்டினான். அதில் விடுவதற்கு ஊர் ஏரியின் பெரிய கெண்டை வேண்டும் என்றான். ஏரியின் அடியெல்லாம் பாறை. வலை போட்டால் கிழியும். தூண்டிலால்தான் பிடிக்க வேண்டும். மீன் உயிரோடு வர வேண்டும், அதன் வாய் கிழிந்திருக்கக் கூடாது. அப்படிக் கொண்டுவருபவருக்கு ஏரியின் கீழ்க்கரை சொந்தம் என்று பறையறைவித்தான்.

சடையனுக்கும் அவன் மனைவி பூவாயிக்கும் கரையில் இடம் இல்லை. மற்றவர்கள் பிடித்து முடித்த பிறகுதான் அவர்கள் தூண்டில் போடலாம். கீழ்க்கரை கிடைத்தால் பிழைத்தார்கள். கிடைக்காவிட்டால் அந்தக் கோடையிலேயே ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான்.

அவர்களுடைய பழைய தூண்டில் கோல் முறிந்து கிடந்தது. இருக்கும் ஒரே வெள்ளாட்டை ஓட்டிக்கொண்டு, கொஞ்சம் வரகையும் மூட்டை கட்டிக்கொண்டு, இருவரும் சந்தைக்குப் போனார்கள்.

கோல் வணிகன் எட்டியப்பன் வெள்ளிப் பூண் போட்ட கருங்காலிக் கோலை எடுத்தான். அதன் நுனியில் ஒரு கல்லைத் தொங்கவிட்டான்.

"பார்த்தியா சடையா, இம்மிகூட வளையல! உங்க ஊரு செங்கோடன் காலையிலதான் இதோட ஜோடியை வாங்கிட்டுப் போனான். ஆட்டைக் கொடு, எடுத்துக்கோ."

சடையன் ஆட்டுக் கயிற்றை நீட்டிவிட்டான். அந்த நாட்டில் எல்லாரும் அப்படித்தான் கோல் வாங்கினார்கள். வளையாததே வலியது என்று நம்பினார்கள். நாம் மட்டும் என்ன, வேறு மாதிரியா நம்புகிறோம்?

பூவாயி கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏரியில கல்லா மாமா நீந்துது? நீங்க கெண்டையா ஓடுங்க, பாக்கலாம்."

"என்னது?"

"நூலைப் பல்லுல கடிச்சுக்கிட்டு ஓடுங்க."

சந்தையே கூடிவிட்டது. கருங்காலிக் கோலைப் பூவாயி பிடித்தாள்; நூலைக் கடித்துக்கொண்டு சடையன் ஓடினான். கோல் அசையவில்லை. நூல் பட்டென்று அறுந்தது. சடையன் வெங்காயக் கூடைக்குள் விழுந்தான்.

அடுத்து, தடித்த கல்மூங்கில் கோல். வரகு மூட்டை முழுவதும் அதற்கு விலை. மீண்டும் ஓடினான். இந்த முறை நூல் வாயிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்தது. "ஐயோ, என் பல்லு!" என்று அலறினான்.

"கெண்டைக்குக் கடைவாய்ப் பல்லு ஆடுது பூவாயி! இன்னொரு தடவை சுண்டு!" என்று வெங்காயக்காரி சிரித்தாள்.

பூவாயி சிரிக்கவில்லை. கடையின் நிழல்துணிக்கு முட்டுக் கொடுத்திருந்த மெல்லிய மூங்கிலைக் காட்டினாள்.

"அதுவா?" என்று எட்டியப்பன் முகம் சுளித்தான். "தொட்டா வளையும் தாயி. அதை வித்தா என் பேர் கெட்டுப்போகும்."

மூன்றாம் முறையும் சடையன் ஓடினான். மூங்கில் வளைந்தது. இன்னும் ஓடினான்; இன்னும் வளைந்தது. எந்த இடத்தில் கால் கனத்தது என்று அவனுக்கே தெரியவில்லை. மூச்சு வாங்க, கன்றுக்குட்டி போலத் திரும்பி அவளிடமே வந்து நின்றான்.

"எப்ப இழுத்தே?" என்றான்.

"நான் இழுக்கவே இல்ல மாமா."

இரண்டு படி வரகுக்கு அந்தக் கோல் அவர்களுடையது ஆயிற்று.

மறுநாள் ஏரிக்கரையில் ஊரே நின்றது; அரசனும் வந்திருந்தான். செங்கோடன் தூண்டிலில் ஒரு பெரிய கெண்டை மாட்டியது. அவன் பலங்கொண்ட மட்டும் இழுத்தான். நூல் அறுந்தது, மீன் போய்விட்டது. வேறொருவன் கல்மூங்கிலால் சுண்டினான். மீன் கரைக்கு வந்தது, கிழிந்த வாயோடு. அரசன் தலையை ஆட்டி மறுத்துவிட்டான்.

உச்சிப்பொழுதில் சடையனின் கோல் நீரைத் தொடும் அளவுக்கு வளைந்தது.

"ஒடியப் போகுதுடா! இழுடா சடையா, இழு!" என்று கரையே கத்தியது.

இழுக்கச் சொல்லி அவன் கையும் துடித்தது. ஆனாலும் அவன் இழுக்கவில்லை. கெண்டை பாறைப் பக்கம் பாய்ந்தது. கோல் வளைந்து கொடுத்தது. நடு ஏரிக்குப் பாய்ந்தது, வளைந்து கொடுத்தது. ஆழத்துக்குப் பாய்ந்தது, அப்போதும் வளைந்து கொடுத்தது. பிறகு பாய்வதற்கு அதனிடம் பலம் இல்லை. மெல்லக் கரைக்கு வந்தது. பூவாயி இடுப்பளவு நீரில் இறங்கி அதைக் கூடையில் ஏந்தினாள்.

அரசன் குனிந்து மீனின் வாயைப் பார்த்தான். தூண்டில் முள் குத்திய தடம் மட்டுமே இருந்தது.

"கீழ்க்கரை உங்களுடையது" என்றான்.

ஆகவே, அன்பர்களே, ஒரு பொருளை அதன் விலையையும் மினுக்கையும் பார்த்து வாங்காமல், செய்ய வேண்டிய வேலையைச் செய்ய வைத்துப் பார்த்து வாங்குவதே அறிவு.