நாய்கள் பேச்சைப் புதைத்த பொட்டல்

சத்தியம்! உலையில் கொதிக்கிற சோற்றின் மேல் சத்தியம், தலைக்கு மேலே காய்கிற சூரியன் மேல் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இன்றைக்கே கொட்டிப் போகட்டும்.

அந்தக் காலத்தில் நாய்கள் பேசும். ஆடு, மாடு, கோழி எல்லாமே பேசும் என்றாலும் நாயின் பேச்சுக்குத் தனி மதிப்பு உண்டு. அதற்குப் பொய் வராது. சொல்லிப் பார்த்தாலும் வால் காலிடுக்கில் போய்க் காட்டிக் கொடுத்துவிடும்.

கீழக்கோட்டை ஊருக்கு வெளியே பெரிய பொட்டல் ஒன்று இருந்தது. பகலெல்லாம் தூணில் கட்டிக் கிடக்கும் நாய்களை, வெயில் சாய்ந்ததும் உடையவர்கள் அங்கே கூட்டி வருவார்கள். எல்லைக் கல்லில் கயிற்றை அவிழ்க்க வேண்டும். மடியில் தின்பண்டம் ஆகாது. பிறத்தியார் நாயைத் தொட ஆசைப்பட்டால் அந்த நாயிடமே, "தொடட்டுமா? கடிப்பியா?" என்று கேட்க வேண்டும். "காதை மட்டும் விட்டுடுங்க" என்றோ, "இன்னைக்கு மனசு சரியில்லை, கடிச்சாலும் கடிப்பேன்" என்றோ நாய் பதில் சொல்லும். ஒரு சண்டை கிடையாது.

செம்பன் என்ற சிப்பிப்பாறை நாய்க்கு அந்த ஒரு நாழிகைதான் உயிர். அவ்வளவு நீளக் கால்களை வைத்துக்கொண்டு நாளெல்லாம் தூணைச் சுற்றி என்ன செய்வது? பொட்டலில் அவிழ்த்துவிட்டால், அதன் நிழலே அதோடு ஓட முடியாமல் பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும்.

செம்பனின் எசமான் மாசிலாமணிக்கு மீசை பெரிது. புலியை வெறுங்கையால் விரட்டியவர் என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். அதைப் பரப்பியவரும் அவரே. அவர் மகளைத் தன் பையனுக்குக் கேட்கலாமா என்று பார்த்துப் போக, வடகரையிலிருந்து தீர்த்தகிரி என்ற பெரியவர் வந்தார். மாசிலாமணி அவரைப் பெருமையோடு பொட்டலுக்கு அழைத்துப் போனார்.

வந்தவர் மரியாதை தெரிந்தவர். குனிந்து, "ஏம்ப்பா, தொடட்டுமா? கடிப்பியா?" என்றார்.

"தாராளமா தொடுங்க ஐயா. எனக்கு அந்தப் பழக்கமில்லை," என்றது செம்பன்.

தடவிக் கொடுத்தபடியே அவர் கேட்டார்: "எசமான் புலியை விரட்டினப்போ நீயும் கூட இருந்தியா?"

மாசிலாமணி இருமினார். இருமலில் சேதி இருக்கும் என்பது செம்பனுக்குத் தெரியாது.

"புலியா? அது பூனை ஐயா. அதுவும் சினைப்பூனை. எசமான் பரண் மேல இருந்தார். 'போயிடுச்சா, போயிடுச்சா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தவர் சாயங்காலம்தான் இறங்கினார்."

பொட்டலே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் வைத்தியர் கோமதிநாயகம்.

"நீங்க ஏன் சிரிக்கிறீங்க?" என்றது அவருடைய நாய். "போன வாரம் வயித்து வலிக்கு அடுத்த ஊர் வைத்தியர்கிட்டதானே போனீங்க?"

அவ்வளவுதான். ஊர்த் தலைவர் தன் மனைவி முன்னால் தோப்புக்கரணம் போட்டது, விரதக்காரர் அடுப்படியில் ஒளிந்து அப்பம் தின்றது என்று ஒவ்வொரு நாயும் நினைவுக்கு வந்ததைச் சொன்னது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பேச்சுவாக்கில் வந்ததுதான்.

சிரிப்பு நின்றது. "கயித்தை எடுங்கய்யா!" என்று கத்தினார் மாசிலாமணி. "இனி இதுகளுக்குப் பொட்டலும் கிடையாது, கிட்டலும் கிடையாது. சாகிற வரைக்கும் தூண்தான்!"

"எசமானே, புலின்னே சொல்லிடறேன்," என்று செம்பன் கெஞ்சியது.

"எங்கே, சொல்லு."

"அது... புலி."

வால் காலிடுக்கில் போனது. தீர்த்தகிரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கயிறு கழுத்துக்கு வந்தது. பேச்சா, ஓட்டமா? செம்பன் ரொம்ப யோசிக்கவில்லை. எல்லைக் கல் ஓரமாக முன்னங்கால்களால் பரபரவென்று குழி பறித்தது. வாயை உள்ளே வைத்துத் தன் பேச்சு முழுவதையும் துப்பியது. மண்ணைத் தள்ளி மூடியது. மற்ற நாய்களும் வந்து துப்பின. வைத்தியர் நாய்க்கு மட்டும் மூன்று குழி தேவைப்பட்டது.

செம்பன் வாயைத் திறந்து பார்த்தது. 'வள்' ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. உடையவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கயிறுகளைச் சுருட்டி இடுப்பில் செருகினார்கள்.

செம்பன் வைத்தியர் நாயின் முன்னால் போய் நின்றது. ஓடலாமா என்று கேட்கச் சொல் இல்லை. முன்னங்கால்களைத் தரையில் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி, வாலை ஆட்டியது. மற்றதற்குப் புரிந்தது. இரண்டும் பறந்தன.

திரும்பி வந்தபோது தீர்த்தகிரி மறுபடி குனிந்தார். "கடிப்பியா?" செம்பன் நாக்கைத் தொங்கப்போட்டபடி அவரையே பார்த்தது. வேறு வழியில்லாமல் அவர் மாசிலாமணி பக்கம் திரும்பினார். "கடிக்குமா?"

"சேச்சே, ஒண்ணும் பண்ணாது," என்றார் மாசிலாமணி, மீசையைத் தடவிக்கொண்டே.

கல்யாணம் நடந்ததா என்றால், நடந்தது. புலியை விரட்டுகிற சம்பந்தியைவிடப் பூனைக்குப் பயப்படுகிற சம்பந்தி தேவலை என்று தீர்த்தகிரி நினைத்திருக்க வேண்டும்.

அன்று முதல்தான் நாய்கள் விளையாடுமுன் முன்னங்காலைத் தாழ்த்திக் கேட்கின்றன. நாமும் நாயைத் தொடுமுன் உடையவரைக் கேட்கிறோம். அவரும் நாயைத் திரும்பிப் பார்க்காமலே, "ஒண்ணும் பண்ணாது" என்கிறார்.

இதை யார் சொன்னது என்று மட்டும் ஒருவரிடமும் மூச்சு விடாதீர்கள். எங்கள் வீட்டு நாய் இரண்டு நாளாக அந்த எல்லைக் கல் பக்கம் போய் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறது.