சாணித் தொப்பி போட்ட விளக்கு

குளக்கரைக் காட்டில் உருட்டன் என்று ஒரு சாணிவண்டு இருந்தது. யானைச் சாணத்தை உருண்டை பிடித்து, விடிவதற்குள் வளைக்கு உருட்டிப் போவது அதன் வேலை. அந்த உருண்டைக்குள்தான் அதன் மனைவி முட்டையிட வேண்டும். உருட்டன் யாரிடமும் வழி கேட்டதில்லை. இரவு வானத்தில் நட்சத்திரக் கூட்டம் வெள்ளைப் பட்டையாய் நீண்டு கிடக்கும். அதைப் பார்த்தபடியே நேராக உருட்டிப் போய்விடும்.

ஒருநாள், காடு பார்க்க வந்தவர்கள் ஒரு பேட்டரி விளக்கை மறந்து விட்டுப் போனார்கள். கருமாண்டி என்ற கரடி அதை எடுத்துத் தன் மருதமரத்தில் வானம் பார்க்கக் கட்டியது. காடு முழுக்கத் தன் மரம் தெரிய வேண்டும் என்று அதற்கு ஆசை.

அன்றிரவு உருட்டன் நிமிர்ந்து பார்த்தது. விளக்கின் கூச்சத்தில் நட்சத்திரம் ஒன்றுகூடத் தெரியாமல், வானம் கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி வெறுமையாக இருந்தது. குத்துமதிப்பாக உருட்டியது. மூச்சு வாங்க உருட்டி நின்றால், எதிரே கரடியின் கால். மறுபடி உருட்டியது. மறுபடியும் அதே கால். மூன்றாம் முறை கரடி பூரித்துப் போய், "என் விளக்கைப் பார்க்க எத்தனை தடவைதான் வருவாய்?" என்றது.

உருட்டனுக்கு அழுகையே வந்துவிட்டது. உருண்டை காய்ந்தால் முட்டையிட உதவாது. விளக்கை அணைக்கச் சொல்லிக் கெஞ்சியது. இருட்டில் கிடக்கிறவர்களுக்கு வெளிச்சத்தின் அருமை தெரியாது என்று சொல்லிவிட்டு, கரடி தேன் தேடக் கிளம்பியது.

விளக்கையே பார்த்துக் கூசிப்போன கண். நாலடி தள்ளி இருட்டில் வைத்த கால், நேரே குளத்துச் சேற்றில் இறங்கியது. இடுப்பு வரை புதைந்து கரடி போட்ட கூச்சலில் தவளைகளே வாயை மூடிக்கொண்டன. ஒருவழியாக ஒரு வேரைப் பிடித்துக் கரையேறியது.

"விளக்கு இருந்தும் குளம் தெரியவில்லையே," என்று முனகியது.

"விளக்கு வானத்தைப் பார்க்கிறது, அண்ணாச்சி. நீங்கள் நடப்பதோ தரையில்," என்றது உருட்டன். "அணைக்கக்கூட வேண்டாம். தரைப்பக்கம் திருப்பி, ஒரு தொப்பி போடுவோம்."

தொப்பி செய்ய உருட்டனுக்குத் தெரிந்த சரக்கு ஒன்றுதான். கரடி விளக்கைத் தலைகீழாகக் கட்டி, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிலும் சாணத்தை அப்பியது. வெளிச்சம் காலடியில் வட்டமாக விழுந்தது. மேலே நிமிர்ந்து நட்சத்திரக் கூட்டத்தைப் பார்த்த கரடி, பிளந்த வாயை மூடவில்லை.

"இத்தனையையும் யார் ஏற்றி வைத்தது?"

"அது எனக்குத் தெரியாது. மறைத்து வைத்தது நீங்கள்," என்ற உருட்டன், ஈரம் காயாத உருண்டையோடு நேரே வளையைப் பார்த்துப் புறப்பட்டது.

காலடிக்கு வேண்டிய விளக்கை வானத்துக்குக் காட்டுகிறவன், காலடியையும் இழப்பான், வானத்தையும் இழப்பான்.