விடுதி விழாவின் தலைவர்

மார்ச் மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு, விடுதி மாணவியர் நாற்பத்தொரு பேர் சார்பில் பூங்கோதை வார்டன் முன் நின்றாள். நடக்காத விடுதி விழாவுக்குக் கட்டிய பணம் திரும்பி வந்தால்தான் அவளால் தேர்வுக் கட்டணம் கட்ட முடியும்.

“விழா நடந்தாச்சு. நீங்கதான் லீவுக்கு ஊருக்கு ஓடிட்டீங்க. பிரின்சிபாலே தலைமை தாங்கினார்,” என்றார் வார்டன்.

“அப்படியா மேடம்? ரொம்ப சந்தோஷம்.”

மறுநாள் கல்லூரி முதல்வர் விடுதியைப் பார்வையிட வந்தார். வார்டன் பக்கத்தில் நிற்க, பூங்கோதை முதல்வருக்குப் பொன்னாடை போர்த்தினாள்.

“எதுக்கும்மா இது?”

“எங்க விழாவுக்குத் தலைமை தாங்கினீங்களாமே சார். வார்டன் மேடம் சொன்னாங்க. அன்னைக்கு எங்களால போர்த்த முடியல.”

முதல்வர் வார்டன் பக்கம் திரும்பினார். “நான் என்ன பேசினேன் மேடம்?”



மார்ச் பத்தாம் தேதி எல்லோருக்கும் பணம் வந்தது. பதினொன்றாம் தேதி பூங்கோதை தேர்வுக் கட்டணம் கட்டினாள்.